துளிக் கணக்கு: நீலகிரித் தைலம் முதல் லாவண்டர் வரை

கோத்தகிரி, குன்னூர், ஊட்டி என நீலகிரியின் சரிவுகளில் ஓடை ஓடும் இடமாகப் பார்த்துத் தைலக் கொட்டகை போடுவார்கள். தகரக் கூரை, நடுவில் ஓர் அடுப்பு, அதன்மேல் ஒரு பெரிய கொப்பரை. யூகலிப்டஸை மலைக்காரர்கள் கற்பூர மரம் என்பார்கள். அதன் அடியில் உதிர்ந்து கிடக்கும் இலையை வாரி, சாக்கில் கட்டிச் சுமந்து வருவது பெரும்பாலும் பெண்கள். இலையைக் கொப்பரைக்குள் கொட்டி, அமுக்கித் திணித்து, தண்ணீர் ஊற்றி, மூடியின் இடுக்கு வழியே ஆவி கசியாதபடி அடைக்கிறார்கள். அடுப்புக்குத் தனியாக விறகு தேடுவதில்லை. முன்பு காய்ச்சி எடுத்துக் காயப்போட்ட இலைச் சக்கையே எரிபொருள். மணிக்கணக்கில் எரிந்தபிறகு, தண்ணீர்த் தொட்டிக்குள் மூழ்கியிருக்கும் குழாய் வழியாக ஆவி குளிர்ந்து சொட்டத் தொடங்குகிறது. பாத்திரத்தில் தண்ணீர் அடியில் நிற்க, தைலம் மேலே மிதக்கும். நூறு கிலோ இலையைக் காய்ச்சினால் ஏறக்குறைய ஒரு கிலோ தேறும்.

நூற்றுக்கு ஒன்று என்ற இந்தக் கணக்கு கையில் இருந்தால் வாசனைத் தைலங்களைப் பற்றிய பாதி விஷயம் விளங்கிவிடும். சாக்கு சாக்காக வந்த இலையின் காரமெல்லாம் ஒரு பாட்டிலுக்குள் அடங்கியிருக்கிறது. ஓர் இலையைக் கசக்கி முகர்வதும், அதே இலையின் தைலத்தைத் தோலில் ஊற்றித் தேய்ப்பதும் ஒன்றாகாது. இன்று 'எசென்ஷியல் ஆயில்' என்ற பெயரில் லாவண்டரும் டீ ட்ரீயும் பெப்பர்மின்ட்டும் மருந்துக்கடை, அழகுநிலையம், ஆன்லைன் என்று எங்கும் கிடைக்கின்றன. தூக்கம் வரும், பரு போகும், தலைவலி தீரும், சளி கரையும் என்று ஒவ்வொன்றின் மேலும் ஒரு வாக்குறுதி ஒட்டியிருக்கிறது. அவற்றில் சில உண்மை, சில பாதி உண்மை, சில குழந்தையை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்ப்பவை. எது எந்த வகை என்று தெரியாமல் அந்தப் பாட்டிலின் மூடியைத் திறக்கக் கூடாது.

ஊட்டிக்கு வந்த மரம்

நீலகிரிக்கு இந்த மரம் வந்தது 1843இல். மதராஸ் பீரங்கிப் படையைச் சேர்ந்த கேப்டன் காட்டன் கொண்டுவந்து நட்டார். டாஸ்மேனியாவையும் தென்கிழக்கு ஆஸ்திரேலியாவையும் தாயகமாகக் கொண்ட ப்ளூ கம் என்ற வகை அது. குளிருக்கு அடுப்பெரிக்க வெள்ளைக்காரர்கள் சோலைக்காடுகளை வெட்டித் தீர்த்துக்கொண்டிருந்தார்கள். சீக்கிரம் வளர்ந்து விறகாகும் மரம் தேவைப்பட்டது. பிறகு சிறுமுகை விஸ்கோஸ் ஆலைக்கு மரக்கூழாகவும் போனது. தைலம் இதற்கெல்லாம் நடுவே வந்து சேர்ந்த வருமானம். தென் மாவட்டங்களில் ஒரு தைலக் கம்பெனியின் பெயராலேயே 'ஆர்.எஸ்.பதி மரம்' என்று யூகலிப்டஸைச் சொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். வீட்டு அலமாரியில் அந்தப் பாட்டில் அவ்வளவு ஆழமாக இடம்பிடித்திருந்தது.

அந்த மரத்தால் மலை இழந்ததையும் சொல்லியாக வேண்டும். புல்வெளியிலும் சோலை ஓரத்திலும் வரிசை வரிசையாக நட்டதால் ஓடைகளில் தண்ணீர் குறைந்தது. ஊட்டியில் இயங்கும் மத்திய மண், நீர்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம் க்ளென்மார்கன் நீர்ப்பிடிப்புப் பகுதியில் பல ஆண்டுகள் அளந்து இதைப் பதிவு செய்திருக்கிறது. தமிழக அரசு 2022இல் அயல் தாவரங்களை அகற்றுவதற்கென்றே ஒரு கொள்கையை வெளியிட்டது. அயல் மரங்களை அகற்றிச் சோலையை மீட்பது நல்ல வேலை. இலை பொறுக்கிப் பிழைக்கும் குடும்பங்களுக்கு வேறு வழி காட்டிவிட்டு அதைச் செய்ய வேண்டும்.

இந்தத் தைலத்தின் உயிர் சினியோல் என்ற பொருள். மருந்துத் தரமுள்ள நீலகிரித் தைலத்தில் அது 70 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. ஜெர்மனியில் சினியோலை மட்டும் பிரித்து, குடலில் போய்க் கரையும் கேப்ஸ்யூலாக்கி, சைனஸ் தொல்லைக்கும் மூச்சுக்குழாய் அழற்சிக்கும் தருகிறார்கள். அளந்து அடைத்த மருந்து அது. வீட்டில் இருக்கும் பாட்டிலிலிருந்து சர்க்கரையில் சொட்டு விட்டுச் சாப்பிடுவதற்கு அது அத்தாட்சி ஆகாது.

ஆவி பிடிப்பதில் என்ன நடக்கிறது? சளி இளகுவதற்குச் சூடான நீராவியே பெருமளவு காரணம். தைலம் தருவது வேறொன்று. புதினாத் தைலத்திலுள்ள மென்தால் போன்ற பொருள்கள் மூக்குக்குள் குளிர்ச்சியை உணரும் நரம்பு முனைகளைத் தூண்டுகின்றன. மூக்கடைப்பை அளந்து பார்த்த ஆய்வுகளில் காற்றுப்பாதை விரிந்ததாகத் தெரியவில்லை. ஆனாலும் மூச்சு தாராளமாகப் போவதுபோல் மக்கள் உணர்ந்தார்கள். இரவெல்லாம் மூக்கடைத்துத் தவிப்பவருக்கு அந்த உணர்வே பெரிய ஆறுதல். நோயைக் குறைக்கும் வேலையும் நோயின் தொல்லையைக் குறைக்கும் வேலையும் தனித்தனி. வாசனைத் தைலங்களின் பலம் பெரும்பாலும் இரண்டாவதில்தான் இருக்கிறது.

மூக்கிலிருந்து மனசுக்கு

வாசனை நம்மை இப்படி ஆட்டிவைப்பதற்கு உடற்கூறிலேயே காரணம் இருக்கிறது. பார்ப்பதும் கேட்பதும் மூளையின் தலாமஸ் என்ற இடைநிலையத்தில் நின்று பிறகுதான் மேலே போகின்றன. வாசனை அங்கே நிற்பதில்லை. மூக்கின் மேற்கூரையிலிருந்து கிளம்பும் நரம்புகள், உணர்ச்சிக்கும் நினைவுக்கும் பொறுப்பான பகுதிகளைச் சில தாவல்களில் தொட்டுவிடுகின்றன. மோப்ப ஏற்பிகளின் மரபணுக் குடும்பத்தை லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்சல் இருவரும் 1991இல் கண்டறிந்தார்கள். 2004இல் நோபல் பரிசு பெற்றார்கள். மனிதருக்குள் வேலை செய்யும் மோப்ப ஏற்பிகள் சுமார் 400 வகை. தாழம்பூ மணத்தில் ஒரு கல்யாண வீடும், சாம்பிராணிப் புகையில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலமும் முழுசாக எழுந்து வருவது இந்த வழியில்தான். ஒருவருக்கு இதமான மணம் இன்னொருவருக்கு ஆஸ்பத்திரி வார்டை நினைவுபடுத்தித் தலைவலி தருவதும் இதே வழியில்தான்.

அரோமாதெரபி என்ற பெயரைத் தந்தவர் ரெனே மோரிஸ் காட்டெஃபோசே என்ற பிரெஞ்சு வேதியியலாளர். 1910இல் ஆய்வகத்தில் வெடிவிபத்து. எரிந்த கையைப் பக்கத்திலிருந்த லாவண்டர் தொட்டிக்குள் முக்கினார், உடனே ஆறிவிட்டது என்று அழகுநிலையங்கள்வரை ஒரு கதை உலவுகிறது. நடந்தது அதைவிடக் கடுமையானது. தீக்காயத்தில் வாயு அழுகல் நோய் பற்றிக்கொண்டது. அந்தப் புண்ணை லாவண்டர் சாரத்தால் கழுவியபோது அழுகல் நின்றது என்று அவரே எழுதியிருக்கிறார். கிருமிநாசினி என்ற கோணத்தில்தான் அவர் தைலங்களைப் பார்த்தார். அவருடைய 'அரோமாதெராபி' புத்தகம் 1937இல் வந்தது. ராணுவ மருத்துவராக இருந்த ஜான் வால்னே 1964இல் அதே பெயரில் இன்னொரு நூல் எழுதி மருத்துவர்களிடம் கொண்டுபோனார். இன்று நாம் காணும் மசாஜ் முறை, ஆஸ்திரியாவில் பிறந்த மார்கரித் மோரி வழியாகப் பரவியது.

லாவண்டருக்கு வருவோம். அதன் மணத்துக்குக் காரணம் லினலூல், லினலைல் அசிடேட் என்ற இரண்டும். மனப்பதற்றத்துக்கு லாவண்டர் எண்ணெயை 80 மில்லிகிராம் கேப்ஸ்யூலாக ஜெர்மனியில் மருத்துவ அனுமதியோடு தருகிறார்கள்; அதற்கு ஆதரவான ஆய்வுகள் கணிசமாக உண்டு. முகர்வதால் தூக்கம் வரும் என்பதற்கு உள்ள ஆய்வுகள் சிறியவை. மணம் மூக்குக்குத் தெரிந்துவிடும் என்பதால், யாருக்கு மருந்து, யாருக்குப் போலி என்று மறைத்துச் சோதிப்பதே கஷ்டம். இருந்தும் படுக்கப் போகுமுன் தலையணை ஓரத்தில் ஒரு துளி விட்டு, விளக்கணைத்து, போனைத் தள்ளிவைப்பவருக்கு அது ஓர் ஒழுங்கைப் பழக்குகிறது. அதில் நஷ்டம் இல்லை. கடையில் மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் லாவண்டின் என்ற கலப்பினம். அதில் கற்பூர வாடை தூக்கலாக இருக்கும். தூக்கத்துக்கென்று வாங்குபவர்கள் 'லாவண்டுலா அங்கஸ்டிஃபோலியா' என்ற தாவரப் பெயர் லேபிளில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிரான்சின் புரோவான்ஸ் மட்டுமல்ல, ஜம்முவின் பதேர்வாவிலும் இப்போது விவசாயிகள் சோளத்தை விட்டு லாவண்டர் போடுகிறார்கள்.

பெப்பர்மின்ட்டுக்கு ஆதாரம் இன்னும் வலுவாக இருப்பது தலையில் அல்ல, குடலில். ஐபிஎஸ் எனப்படும் எரிச்சல் குடல் நோய்க்குக் குடலில் கரையும் பெப்பர்மின்ட் கேப்ஸ்யூலை அமெரிக்க இரைப்பை குடல் மருத்துவக் கல்லூரி 2021 வழிகாட்டியில் பரிந்துரைத்திருக்கிறது. நெற்றிப்பொட்டில் தடவும்போது வரும் சில்லிப்பு உண்மையான குளிர்ச்சி இல்லை. குளிரை உணரும் ஏற்பியை மென்தால் ஏமாற்றித் திறக்கிறது. உலகத்துக்கு மென்தால் தருவதில் முதலிடம் இந்தியாவுக்கு. உத்தரப் பிரதேசத்தின் பாராபங்கி வட்டாரத்தில் வயல் வயலாக மென்தால் புதினாதான்.

டீ ட்ரீ ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் சதுப்புநிலத்து மரம். தேயிலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பருவுக்கு 5 சதவீத டீ ட்ரீ ஜெல்லையும் 5 சதவீத பென்சாயில் பெராக்சைடையும் ஒப்பிட்ட ஆஸ்திரேலிய ஆய்வு 1990இல் வந்தது. இரண்டும் பருவைக் குறைத்தன; டீ ட்ரீ மெதுவாக, ஆனால் எரிச்சல் குறைவாக. அது 5 சதவீதம் என்பதை மறக்கக் கூடாது. பாட்டிலிலிருந்து நேரடியாகப் பருமேல் வைத்தால் தோல் வெந்துபோகும்.

கிராம்புத் தைலம் நமக்குப் பழகினது. பல் டாக்டர் அறைக்குள் நுழைந்ததும் அடிக்கும் வாடை அதிலுள்ள யூஜெனால். துத்தநாக ஆக்சைடோடு கலந்து தற்காலிகமாகப் பல்லை அடைப்பதற்கு மருத்துவர்கள் இன்றும் பயன்படுத்துகிறார்கள். பல்வலிக்குப் பஞ்சில் தொட்டு வைக்கலாம், ராத்திரியை ஓட்டுவதற்கு மட்டும். சொத்தை அப்படியேதான் இருக்கும். எலுமிச்சைப்புல் தைலம் அறையில் பரப்ப நன்றாக இருக்கும். கொசுவை விரட்டுமா என்றால், விரட்டும், சிறிது நேரத்துக்கு. டெங்கு காலத்தில் அதை மட்டும் நம்பிக் குழந்தையை வெளியே விடாதீர்கள்.

மல்லிகை சாயங்காலம் வரை காத்திருக்கும்

நம்மூர் மணம் என்றால் மல்லிகை. அதை இலையைப் போல அண்டாவில் போட்டுக் காய்ச்ச முடியாது. சூட்டில் மணம் செத்துவிடும். நிலக்கோட்டை, சத்தியமங்கலம் பக்கங்களில் விடிவதற்கு முன்பே டார்ச் லைட்டோடு தோட்டத்துக்குள் இறங்கி மொட்டாகப் பறிக்கிறார்கள். மாலைக்கும் சரத்துக்கும் மொட்டுதான் வேண்டும். முகூர்த்த நாளில் விலை ஏறும். வரத்து அதிகமாகி மார்க்கெட்டில் விலை சரிந்தால் விவசாயியின் கடைசிப் புகலிடம் 'செண்டு பேக்டரி'.

பேக்டரிக்கு மொட்டால் பிரயோஜனமில்லை. மல்லிகை பறித்தபின்னும் உயிரோடு இருந்து, இருட்டும் நேரத்தில் மலர்ந்தபிறகுதான் மணத்தைச் சுரக்கும். அதனால் வந்த மொட்டைத் தரையில் பரப்பி விரியவிட்டு, மலர்ந்த பூவை ஹெக்சேன் என்ற கரைப்பானில் ஊறவைக்கிறார்கள். கரைப்பானை ஆவியாக்கினால் மெழுகு மாதிரி ஒரு கட்டி மிஞ்சும். தொழிலில் அதற்குக் கான்கிரீட் என்று பெயர். அதை ஆல்கஹாலில் அலசி மெழுகை நீக்கினால் கிடைப்பது அப்சலூட். ஒரு கிலோ அப்சலூட்டுக்குப் பல நூறு கிலோ பூ வேண்டும். பிரான்சின் கிராஸ் நகரத்துப் பெர்ஃப்யூம்காரர்கள் தேடி வாங்குவது இதைத்தான். முகர்ந்து பார்த்தால் பூவின் இனிப்புக்கு அடியில் லேசான ஒரு விலங்கு வாடை இருக்கும். இண்டோல் என்ற பொருள் அது. அது இல்லாத 'மல்லிகை ஆயில்' தொழிற்சாலையில் கலந்த செயற்கை மணம். இருநூறு ரூபாய்க்குப் பெரிய பாட்டில் நிறைய மல்லிகைத் தைலம் என்று யாராவது நீட்டினால், பூவின் கணக்கே அதைப் பொய் என்று சொல்லிவிடும்.

சந்தனமும் அப்படியே. திருப்பத்தூரில் வனத்துறையின் சந்தனக் கிடங்கு இருக்கிறது. அங்கே தரம் பிரித்து ஏலம் விடும் கட்டையின் விலையைக் கேட்டவர்கள், தெருவோரக் கடையின் 'ஒரிஜினல் சந்தன எண்ணெய்'யை வாங்க மாட்டார்கள். ரோஜாவில் ஒரு கிலோ தைலத்துக்குச் சுமார் நான்கு டன் இதழ் போகிறது. அதே வடிப்பில் கிடைக்கும் பன்னீர் மட்டும் கைக்கு எட்டும் விலையில் வரும். மென்மையானது, முகத்துக்கும் ஆகும்.

நல்ல தைலத்தின் லேபிளில் தாவரத்தின் முழுப்பெயர், எந்தப் பாகத்திலிருந்து எடுத்தது, எந்த நாடு, பேட்ச் எண் ஆகியவை இருக்கும். பாட்டில் அடர்நிறக் கண்ணாடியில் இருக்கும். 'ஃப்ராகரன்ஸ் ஆயில்' என்று எழுதியிருந்தால் அது ரூமில் மணக்க மட்டும். உடம்பில் பட வேண்டியதில்லை.

பாட்டில் எட்டாத உயரத்தில்

நம் வீடுகளில் ஒரு குழப்பம் இருக்கிறது. சித்த வைத்தியத்தில் தைலம் என்றால் நல்லெண்ணெயில் மூலிகையைப் போட்டுக் காய்ச்சுவது. அதைத் தாராளமாகத் தேய்க்கலாம். கொப்பரையில் வடித்த தைலத்தில் அந்த நல்லெண்ணெய் இல்லை. இரண்டையும் ஒரே பெயரில் அழைத்து, ஒரே அளவில் ஊற்றும் பழக்கம்தான் ஆபத்து.

தோலில் போடுவதென்றால் தேங்காய் எண்ணெய், பாதாம் எண்ணெய் போன்ற ஏதாவது ஒன்றில் கலந்தாக வேண்டும். சுமார் 20 துளி ஒரு மில்லி. பெரியவர்களுக்கு உடம்பில் தேய்க்க 2 சதவீதம் போதும்: 10 மில்லி எண்ணெய்க்கு 4 துளி. முகத்துக்கு அதில் பாதி. முதல் தடவை முழங்கை மடிப்பில் கொஞ்சம் தடவி ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். பிழிந்து எடுத்த எலுமிச்சை, பெர்கமாட் தைலங்களைத் தடவிக்கொண்டு வெயிலில் போனால் தோல் கன்றிக் கறுத்துவிடும். லாவண்டரும் டீ ட்ரீயும் பழசாகிக் காற்றுப்பட்டால் ஒவ்வாமை தருபவையாக மாறும். திறந்த பாட்டிலை வருஷக்கணக்கில் வைத்திருக்க வேண்டாம். அறையில் மணம் பரப்பும் டிஃப்யூசரை அரைமணி நேரம் ஓட்டி, ஜன்னலைத் திறந்துவையுங்கள். ஆஸ்துமா உள்ளவர் வீட்டில் இருந்தால் அதுவும் வேண்டாம். கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்காமல் எதையும் தொட வேண்டாம். பூனையின் ஈரலால் இவற்றை முறித்து வெளியேற்ற முடியாது; டீ ட்ரீ பூனைக்கு விஷம்.

ஊட்டிக் கடைகளில் யூகலிப்டஸ் பாட்டிலுக்குப் பக்கத்திலேயே விண்டர்கிரீன் ஆயில் இருக்கும். மூட்டுவலிக்கு வாங்கி வருகிறோம். அது கிட்டத்தட்ட முழுக்க மெத்தில் சாலிசிலேட், அதாவது ஆஸ்பிரினின் உறவு. ஒரு தேக்கரண்டி விண்டர்கிரீனில் 20க்கும் மேற்பட்ட சாதாரண ஆஸ்பிரின் மாத்திரைக்குச் சமமான சாலிசிலேட் இருக்கிறது. இனிப்பான வாசனை என்பதால் குழந்தை எடுத்துக் குடித்துவிடும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைத் தோலில் பூசுவதற்கும் முன்னால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது சளிபிடித்த கைக்குழந்தைதான். தேங்காய் எண்ணெயில் கற்பூரத்தைப் போட்டுச் சூடாக்கி நெஞ்சில் தடவும் பாட்டிமார் பாசத்தால்தான் செய்கிறார்கள். ஆனால் கற்பூரம் மெல்லிய தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உள்ளே போய் வலிப்பைக் கிளப்பக்கூடியது. அமெரிக்காவில் மேற்பூச்சு மருந்துகளில் கற்பூரம் 11 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று கட்டுப்பாடு இருக்கிறது. யூகலிப்டஸ், கற்பூரத் தைலங்களால் பெரியவர்களுக்கும் வலிப்பு வருவதைப் பெங்களூரு நரம்பியல் மருத்துவர்கள் ஆராய்ந்து கட்டுரைகள் வெளியிட்டிருக்கிறார்கள். வலிப்பு நோய் உள்ளவர்கள் வீட்டில் இந்த இரண்டும் இருக்கவே வேண்டாம். பச்சைக்குழந்தையின் மூக்கருகில் மென்தால் தடவினால் மூச்சே நின்றுபோகலாம். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு உப்புநீர்ச் சொட்டு மருந்தும், வெதுவெதுப்பான பாலும், மடியில் நிமிர்த்திப் பிடித்த தூக்கமும் போதும். கொதிக்கும் பாத்திரத்தின்மேல் போர்வை போட்டு ஆவி பிடிக்கவைப்பது எந்த வயதுக் குழந்தைக்கும் கூடாது. தைலத்தால் வரும் கேட்டைவிடக் கவிழ்ந்த வெந்நீரால் வரும் கேடு அதிகம்.

குழந்தை தைலத்தைக் குடித்துவிட்டால் உப்புத்தண்ணீர் கொடுத்தோ தொண்டையில் விரலைவிட்டோ வாந்தி எடுக்கவைக்காதீர்கள். வாந்தியோடு தைலம் நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியாவாகிவிடும். ஒரு தேக்கரண்டி நீலகிரித் தைலமே சிறு குழந்தையை மயக்கத்தில் ஆழ்த்தக்கூடும். அறிகுறி தெரியட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். வாயை மட்டும் துடைத்துவிட்டு 108க்குப் போன் செய்யுங்கள். கிளம்பும்போது அந்தப் பாட்டிலையும் எடுத்துக்கொள்ளுங்கள். எந்தத் தைலம், எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் டாக்டர் சிகிச்சையை முடிவு செய்வார்.